காட்டுக்குள் ஒரு கமெரா: திருகோணமலையில் முதல் ஃபவுண்ட் ஃபுட்டேஜ் திகில் குறும்படம் எடுப்பவர்களுக்கு

கையில் ஒரு ஸ்மார்ட்போன், கூடப் படித்த இரண்டு மூன்று பேர், வளவுக்குப் பின்னால் ஒரு பற்றைக்காடு. திருகோணமலையில் படம் எடுக்க ஆசைப்படும் பெரும்பாலான பிள்ளைகளிடம் இருப்பது இவ்வளவுதான். இது போதும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

யாரோ எடுத்த வீடியோ பிறகு வேறொருவர் கையில் கிடைக்கிறது, அதைத்தான் நாம் பார்க்கிறோம் என்ற பாவனையில் ஓடும் படங்களை ஃபவுண்ட் ஃபுட்டேஜ் என்கிறார்கள். இந்த வகையில் வெளிச்சம் குறைந்தால் பிழையில்லை. கை நடுங்கினால் பிழையில்லை. பாதி நேரம் இருட்டில் ஒன்றுமே தெரியாவிட்டாலும் சனம் பொறுத்துக்கொள்ளும். கமெராவைப் பிடித்திருக்கும் ஆளில் மட்டும் பிழை வரக் கூடாது. அந்த ஆளை நம்பினால்தான் காட்டுக்குள் நிற்கும் மற்றதையும் நம்புவார்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த ஆளைச் சுற்றித்தான் போகும்.

முதல் படத்துக்கு 8 முதல் 12 நிமிடம் போதும். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

படி 1: பார்த்துப் படியுங்கள்

நிறையப் பார்க்கத் தேவையில்லை. நாலைக் கவனமாகப் பாருங்கள்.

முதலாவது படமே இல்லை, ஒரு துண்டுப் பதிவு. 1967 ஒக்டோபர் 20ஆம் திகதி, வட கலிஃபோர்னியாவின் பிளஃப் கிறீக் ஆற்றங்கரையில் ரொஜர் பற்றர்சன், பொப் கிம்லின் என்ற இருவர் குதிரையில் போனபோது எடுத்தது. உரோமம் மூடிய ஓர் உருவம் நடந்துபோகிறது, ஒருதரம் திரும்பிப் பார்க்கிறது. முழுவதும் ஒரு நிமிடம்கூட இல்லை. 'பிக்ஃபூட்' என்ற காட்டு மனிதனா, வேஷம் போட்ட ஆளா என்ற சண்டை இன்றைக்கும் ஓயவில்லை. நீங்கள் கவனிக்கவேண்டியது உருவத்தை விட கமெராவை. தொடக்கத்தில் பற்றர்சன் ஓடிக்கொண்டே எடுக்கிறார், ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு நிற்கிறார், படம் அடங்குகிறது, அந்த நேரம் அது திரும்பிப் பார்க்கிறது. ஆடும் படமும் அடங்கும் படமும் மாறிமாறி வருவதில்தான் பதற்றம் பிறக்கிறது. முழுக்க ஆட்டிக்கொண்டே இருந்தால் பார்ப்பவருக்குத் தலைசுற்றல்தான் மிச்சம்.

அடுத்தது 'த பிளேர் விட்ச் புரொஜெக்ட்', 1999. டானியல் மைரிக், எட்வார்டோ சான்செஸ் இருவரும் அமெரிக்காவின் மேரிலாந்துக் காட்டில் 8 நாளில் எடுத்தது. நடிகர்கள் மூவரே கமெராவைப் பிடித்தார்கள், தங்கள் சொந்தப் பெயரிலேயே நடித்தார்கள். சூனியக்காரி கடைசி வரைக்கும் கண்ணில் படவே இல்லை. உலகம் முழுவதும் ஏறக்குறைய 248 மில்லியன் டொலர் வசூலித்த படம் அது.

மூன்றாவது 'வில்லோ கிறீக்', 2013. பற்றர்சன் பதிவு எடுக்கப்பட்ட அதே காட்டைத் தேடி ஒரு காதல் சோடி போகிறது. அதில் கூடாரத்துக்குள் இருவரும் உட்கார்ந்தபடி வெளியே கேட்கும் சத்தத்தைக் கேட்கும் ஒரு காட்சி, கிட்டத்தட்ட 20 நிமிடம், வெட்டே இல்லாமல் ஓடும். கமெரா அசையாது. இரண்டு முகம் மட்டும். பணமே இல்லாத ஒருவர் இதை எத்தனை தரம் பார்த்தாலும் தகும்.

நாலாவது நோர்வே நாட்டு 'ட்ரோல் ஹன்டர்', 2010. இது எதிர்ப்பக்கம் போகிறது. ட்ரோல் என்ற மலைப்பூதங்களை முழுசாகவே காட்டுகிறது. அதற்குச் செலவு செய்ய நம்மால் முடியாது. ஆனால் அந்தப் படத்தில் ஒரு நல்ல யோசனை உண்டு: ஊர் முழுக்க ஓடும் உயர் அழுத்த மின்கம்பிகள் உண்மையில் பூதங்களை அடைத்துவைக்கும் வேலி என்கிறார்கள். தினமும் பார்க்கும் ஒன்றுக்கு வேறு காரணம் சொன்னதும் நாடு முழுவதும் சாட்சியாகிவிடுகிறது. நம் ஊரில் யானை வேலி இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே வருகிறேன்.

படி 2: காட்டில் இருப்பது எது?

பிக்ஃபூட்டைக் கொண்டுவந்து கந்தளாய்க் காட்டில் விடாதீர்கள். பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் வறண்ட காட்டில் உரோமக் குரங்கு மனிதன் வியர்த்தே செத்துப்போவான். நம் காட்டுக்கு அதற்கேற்ற பயம் இருக்கிறது.

இலங்கையில் காட்டு மனிதர் கதை என்றால் நிட்டாவோ. மூன்றடி உயரம், நீண்ட நகம், கூட்டமாகத் திரியும் என்று இலங்கையின் ஆதிகுடிகளான வேடரின் வாய்வழிக் கதைகள் சொல்கின்றன. கடைசியாக மிஞ்சியவர்களைக் குகைக்குள் விரட்டி, வாசலில் விறகு அடுக்கிக் கொளுத்திப் புகையில் முடித்தார்கள் என்பது கதையின் முடிவு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹியூ நெவில் என்ற ஆங்கிலேய அதிகாரி இதை எழுதிவைத்தார். ஆனால் அந்தக் கதையின் நிலம் தென்கிழக்கு, மகாலேணம பக்கக் காடு. நிட்டாவோவைத்தான் எடுக்கப்போகிறீர்கள் என்றால் உங்கள் பாத்திரம் ஒன்று அங்கிருந்து வந்ததாக வையுங்கள். கதையைப் பிடுங்கி மூதூரில் நடாதீர்கள், தெரிந்தவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.

உலமா இன்னொன்று. நடுச்சாமத்தில் கழுத்து நெரிபடும் பெண் கத்துவதுபோலக் கத்தும் பறவை என்பார்கள். பெரிய காட்டு ஆந்தை ஒன்றின் குரல் என்பதுதான் பறவை ஆய்வாளர் பலரின் கருத்து. உருவம் காட்டாமல் குரலால் மட்டும் பயமுறுத்த இதைப்போல வேறொன்று கிடையாது.

முனி, காடேறி, வைரவர் போன்ற பெயர்களில் மட்டும் கை வைக்காதீர்கள். இவை பேய்க்கதைப் பாத்திரங்கள் இல்லை. பக்கத்துக் கிராமத்தில் பொங்கல் வைத்து, மடை போட்டுக் கும்பிடும் தெய்வங்கள். கரையோர வேடர் வழிபாடும் அப்படித்தான். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் அவர்கள் இன்றைக்கும் தமிழ் பேசி வாழ்கிறார்கள். அடுத்தவர் சாமியை வில்லனாக்கி எடுக்கும் படத்தில் என்னால் எந்தக் கலையையும் காண முடியவில்லை.

நான் சொல்லும் வழி இதுதான்: மிருகத்துக்குப் பெயரே வைக்காதீர்கள். விதி மட்டும் வையுங்கள். நம் வீடுகளில் விதிகளுக்குப் பஞ்சமில்லை. இரவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் கூப்பாட்டுக்கே 'என்ன' என்று கேட்காதே என்று அம்மம்மா சொல்லாத வீடு எது? காட்டுப் பாதையில் போகுமுன் ஒரு கொப்பை முறித்து மரத்தில் செருகிவிட்டுக் கும்பிட்டுப் போகும் வழக்கம் வறண்ட வலயக் காடுகளில் பழையது. ஒரு விதியை முதல் நிமிடத்தில் ஒரு பெரியவர் வாயால் சாதாரணமாகச் சொல்லவிடுங்கள். நாலாம் நிமிடத்தில் ஒருவர் அதைத் தெரியாமல் மீறட்டும். பிறகு நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் பார்ப்பவர் காத்திருப்பார்.

படி 3: ஏன் கமெராவைக் கீழே போடவில்லை?

இந்த வகைப் படங்களில் பாதி விழுந்துபோவது இந்தக் கேள்வியில்தான். பயத்தில் ஓடும் மனுசன் ஃபோனை எறிந்துவிட்டு ஓடுவான். உங்கள் ஆள் எறியாமல் இருக்க, எறிய முடியாத காரணம் வேண்டும். 'யூடியூப் சேனலுக்காக' என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் காரணம். அதற்குள் உயிரில்லை. விளையாட்டுக்குப் போனவர்கள் பயந்தால் திரும்பிவரலாம், யாரும் தடுக்கவில்லை.

நம் மாவட்டத்தில் இதைவிட நல்ல காரணங்கள் கிடக்கின்றன. ஒன்று சொல்கிறேன், விரும்பினால் எடுத்துக்கொள்ளுங்கள். இடம்பெயர்ந்து போன குடும்பம். காணி 20 வருடமாகக் காடாகிக் கிடக்கிறது. கனடாவில் இருக்கும் மாமா காணியை விற்க, அல்லது மீட்க, எல்லையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார். அண்ணனும் தங்கையும் பழைய காணி உறுதியின் போட்டோப் பிரதியோடு போகிறார்கள். ஒவ்வொரு எல்லைக்கல்லையும் தேடி, பற்றையை விலக்கி, கமெராவைப் பார்த்து 'மாமா, இது வடக்கு மூலை' என்று சொல்லவேண்டும். வெட்டாமல் எடுக்கவேண்டும், வெட்டினால் பக்கத்துக் காணிக்காரன் பொய் என்பான். பாருங்கள், கமெரா ஓட ஒரு காரணம், வெட்டாமல் ஓட ஒரு காரணம், காட்டுக்குள் மேலும் மேலும் போக ஒரு காரணம், மூன்றும் ஒரே இடத்தில் வந்துவிட்டன.

இப்போது மூன்றாவது கல் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. பத்தடி உள்ளே தள்ளி நிற்கிறது. மண் ஈரம். நாலாவது கல்லடியில், வந்தபோது தங்கை முறித்துச் செருகிய கொப்பு இருக்கிறது. அதை அவள் வைத்தது பாதை வாசலில்.

மிருகம் இன்னும் வரவில்லை. படம் தொடங்கிவிட்டது.

யானை வேலியையும் இப்படியே பயன்படுத்தலாம். வேலிக் கட்டை ஊர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் யானை உள்ளே வந்தது என்று எவரும் சொல்வார். கட்டை காட்டுப்பக்கம் சாய்ந்திருந்தால் என்ன அர்த்தம்? அதை ஒரு தரம் காட்டுங்கள், விளக்கம் சொல்லவேண்டாம். உண்மை வேலியில் கை வைக்காதீர்கள். நாலு கட்டையும் கம்பியும் வாங்கி உங்கள் வளவில் நடுங்கள்.

படி 4: இடம், அனுமதி, உயிர்

இதைத் தாண்டிப் போகாமல் வாசியுங்கள்.

உண்மையான அடர்காட்டில் இரவில் எடுக்கவே வேண்டாம். கந்தளாய் வீதியிலும் ஹொரவப்பொத்தானைப் பக்கம் போகும் வீதியிலும் பொழுதுபட்டால் யானை இறங்கும். கரடியும் லேசுப்பட்டதில்லை, திடீரென்று எதிர்ப்பட்டால் பாய்ந்து அடிக்கும். இவை தெரிந்த ஆபத்துகள். பன்றிக்குக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு தெரியாத ஆபத்து. முழங்கால் உயரத்தில் நூல் இழுத்திருப்பார்கள், கால் பட்டால் தானே வெடிக்கும், பகலிலேயே கண்ணில் படாது. சனம் விட்டுப்போன பழைய குடியிருப்புகளில் கட்டு இடிந்த பாழ்கிணறுகள் புல் மூடிக் கிடக்கும். போர் நடந்த இடங்களில் பழைய காவலரண், பங்கர் எதற்குள்ளும் இறங்காதீர்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இருந்தால் பலகையைக்கூடக் கிட்டப்போய் எடுக்காதீர்கள்.

அப்படியென்றால் எங்கே எடுப்பது? சின்ன ரோச் வெளிச்சத்தில் ஃபோன் கமெராவுக்குத் துலக்கமாகத் தெரிவது பத்துப் பதினைந்து அடிதான். அதற்கு அப்பால் இருப்பது அடர்காடா, உங்கள் பெரியப்பாவின் மாமரமா என்று கமெராவுக்குத் தெரியாது. நாயுருவியும் ஈச்சம்பற்றையும் முளைத்த ஒரு தோட்டம், தெரிந்தவரின் வயற்கரை, ஒரு பனங்கூடல் போதும். பகல் காட்சிகளுக்கு மட்டும் காட்டோர வீதிகளுக்குப் போங்கள், வாகனத்தை விட்டு அதிக தூரம் நடக்காதீர்கள்.

தேசியப் பூங்கா, சரணாலயம் என்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஒதுக்குக் காடு என்றால் வனத் திணைக்களம். ட்ரோன் பறக்கவிட சிவில் விமான சேவைகள் அதிகாரசபை. கடற்படைத் தளம், சீனக்குடா விமானப்படைத் தளம், கோட்டைக்குள் இராணுவம் இருக்கும் பகுதி, இந்தப் பக்கமெல்லாம் கமெராவைத் திருப்பவேண்டாம். தனியார் காணியில் எடுத்தாலும் கிராம உத்தியோகத்தருக்கும் பொலிசுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இரவில் பற்றைக்குள் ரோச் அடித்துக்கொண்டு நாலு இளைஞர் திரிந்தால் ஊர் என்ன நினைக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அயல் வீடுகளுக்கும் சொல்லுங்கள், முக்கியமாகக் கத்தும் காட்சி எடுக்கும் இரவில்.

முத்திரைப் புடையன் (கண்ணாடி விரியன் பாம்பு) நம் பக்கம் தாராளம். நீளக் காற்சட்டை, மூடிய சப்பாத்து, செருப்போடு யாரும் வரக் கூடாது. நடிக்காத ஒருவர் கையில் எப்போதும் நல்ல ரோச்சும் சார்ஜ் உள்ள ஃபோனும் இருக்கவேண்டும். அம்புலன்ஸ் 1990, காசில்லை.

படி 5: வெளிச்சமும் கண்ணும்

பொழுதுபட்டு 20 நிமிடம் வரைக்கும் வானத்தில் வெளிச்சம் இருக்கும். அந்த மைமல் நேரம்தான் உங்கள் பொன். மரம் கறுப்பாகவும் வானம் சாம்பலாகவும் விழும், ஃபோனும் அதைத் தாங்கும். மாலை 5 மணிக்கே போய் ஒத்திகை பாருங்கள், வெளிச்சம் இறங்கும்போது எடுங்கள். நிலவை நம்பாதீர்கள், பறுவ நிலவுகூட ஃபோன் கமெராவுக்குப் போதாது. மழைக் காலத்தில் திட்டம் போடாதீர்கள், ஒக்டோபர் தொடங்கித் தை வரைக்கும் வானம் உங்கள் பேச்சைக் கேட்காது.

இரவுக் காட்சிக்கு ஒரே ஒரு ரோச். அது பாத்திரத்தின் கையில் இருப்பதாக இருக்கவேண்டும். பின்னால் ஒளித்துவைத்த லைட் ஒன்று மரத்தை அழகாகக் காட்டினால் படம் அந்த இடத்தில் பொய்யாகிவிடும்.

இனி ஒரு வித்தை. திருகோணமலை நகரத்தில் இரவில் திரியும் புள்ளிமான்களைப் பார்த்திருப்பீர்கள். ரோச் அடித்தால் கண் மட்டும் பச்சையாக மின்னும். மானின் கண்ணுக்குள் இருக்கும் ஒரு படலம் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. அதனால் ரோச்சை உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால் மின்னும், கையை நீட்டி விலக்கிப் பிடித்தால் அணைந்துவிடும். சைக்கிள் கடையில் விற்கும் ஒளிதெறிக்கும் ஸ்டிக்கரும் அதே வேலையைச் செய்யும்.

சின்ன விரல் நகம் அளவுக்கு இரண்டு வட்டம் வெட்டுங்கள். கறுப்பு மட்டையில் நாலு விரல் இடைவெளி விட்டு ஒட்டுங்கள். மட்டையை மரத்தில் ஏழு அடி உயரத்தில் கட்டுங்கள். இருபது அடி தள்ளி நின்று, ரோச்சை ஃபோன் லென்ஸோடு ஒட்டிப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். வெளிச்சம் படும் கணத்தில் இரண்டு கண் திறக்கும், தாண்டினால் மூடும். மான் என்றால் கண் இடுப்பளவில் இருக்கவேண்டும். ஏழடியில் இருப்பது என்ன என்று யாரும் கேட்க வேண்டாம், பாத்திரம் கவனிக்கவே வேண்டாம். ரோச் அதைத் தாண்டிப் போகட்டும். ரோச் மறுபடி அந்தப் பக்கம் திரும்புமுன் மட்டையைக் கழற்றிவிடுங்கள். இவ்வளவுதான் உங்கள் மிருகம். ஒரு படத்தில் ஒரு தரம், மிஞ்சினால் இரண்டு தரம்.

உடை தைத்து, முகமூடி போட்டு ஓர் ஆளை ஓடவிடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். நல்ல உடைக்கு நிறையக் காசு வேண்டும். மலிவான உடை உங்கள் பத்து நிமிட உழைப்பையும் ஒரு கணத்தில் சிரிப்பாக்கிவிடும்.

ஃபோனைப் படுக்கையாகப் பிடிப்பதா நிமிர்த்திப் பிடிப்பதா என்று கேட்பார்கள். பாத்திரம் எப்படிப் பிடிக்கும் என்பதுதான் விடை. மாமாவுக்கு அனுப்பும் காணி வீடியோ நிமிர்ந்தே இருக்கலாம். ஃபோனை ஆடாமல் தாங்கிச் சீரான ஓட்டம் தரும் கிம்பல் கருவி வேண்டாம். பயந்த மனுசன் எந்நேரமும் ஆட்டிக்கொண்டே இருக்கமாட்டான் என்பதையும் மறக்காதீர்கள். உண்மையிலேயே பயப்படும் ஆள் உறைந்து நின்று, மூச்சைப் பிடித்து, இருட்டுக்குள் உற்றுப் பார்ப்பான். அந்த நேரத்தில் ஃபோனும் அசையாது.

படி 6: சத்தம்

இந்தப் படத்தில் பாதிக்கு மேல் இதுதான். படம் பிடிக்க இரண்டு இரவு ஒதுக்கினால் சத்தம் பிடிக்கத் தனியாக ஓர் இரவு ஒதுக்குங்கள்.

முதலில் காட்டின் சத்தத்தை எடுத்துவையுங்கள். பற்றை ஓரத்தில் ஃபோனைக் கல்லின் மேல் வைத்து, ரெக்கோர்டிங்கைத் தொடக்கிவிட்டு எல்லோரும் விலகிப் போங்கள். பத்து நிமிடம் யாரும் கதைக்கக் கூடாது. குரலைத் துலக்கமாக்கும் வசதி ஏதும் அப்பில் இருந்தால் நிறுத்துங்கள், அது சில்வண்டையும் காற்றையும்தான் முதலில் அழிக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மைக்கில் காற்று அடிக்கும், ஒரு துண்டுப் பஞ்சை மைக் ஓட்டை மேல் ஒட்டினால் ஓரளவு அடங்கும்.

அடுத்து ஆட்காட்டி. காட்டோரத்தில் வளர்ந்த எவருக்கும் அந்தக் குருவியைத் தெரியும். இரவில் வெட்டைவெளியில் ஆளோ மிருகமோ நடந்தால் உடனே எழும்பிக் கத்தும். வேட்டைக்குப் போகிறவர்கள் அதன் வாயைச் சபிப்பார்கள். படத்தில் இப்படி வையுங்கள்: அண்ணன் எல்லைக்கல்லைப் பற்றிக் கமெராவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். மிகத் தூரத்தில் ஆட்காட்டி கத்துகிறது. அவன் கவனிக்கவில்லை. அரை நிமிடம் கழித்து இன்னும் கிட்டக் கத்துகிறது. தங்கை தலையைத் திருப்புகிறாள், ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் தரம் பற்றைக்கு அந்தப் பக்கத்தில். பிறகு கத்தவே இல்லை. வந்துகொண்டிருந்தது வந்துவிட்டது என்று கிழக்கில் எந்த அம்மம்மாவுக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. கொழும்பில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த அர்த்தம் தெரியாமல் போகலாம், ஆனாலும் ஏதோ நெருங்குகிறது என்று முதுகுக்குத் தெரியும். தமிழ்க் காட்டுத் திகில் படம் ஒன்றுக்கு இப்படிப்பட்ட சத்தம்தான் உயிர் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வெளிநாட்டு உறுமல்களை இணையத்தில் இறக்கிப் போடுவதால் அந்த உயிர் வராது.

சில்வண்டை நிறுத்துவதும் ஒரு பெரிய அடி. இரண்டு நிமிடம் இடைவிடாமல் இரைந்த சத்தம் சட்டென்று நிற்கட்டும். ஆனால் எல்லாச் சத்தத்தையும் வெட்டினால் ஃபோன் பழுது என்று நினைப்பார்கள். வண்டு நிற்கவேண்டும், ஆளின் மூச்சும் உடுப்பு உரசும் சத்தமும் தொடரவேண்டும்.

மிருகத்தின் குரலுக்குக் கிட்டக் கிடப்பதை எடுங்கள். காய்ந்த காவோலையை மண்ணில் இழுங்கள். ஆடு கனைப்பதையும் முசுக் குரங்கு கத்துவதையும் ஒருவர் தொண்டையைச் செருமுவதையும் பதிந்து, எடிட்டிங்கில் வேகத்தைப் பாதியாக்குங்கள். அப் சுருதியைத் தானாகச் சரிசெய்யாவிட்டால் பாதி வேகத்தில் குரல் ஒரு ஸ்தாயி இறங்கும், எதன் குரல் என்று யாருக்கும் பிடிபடாது. காவோலை இழுபடும் சத்தத்தை அப்படியே மெதுவாக்கினால் ஏதோ பெரிய உடம்பு ஊர்வதுபோல வரும். இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டு அளவைக் குறையுங்கள். இன்னும் குறையுங்கள். 'கேட்டதா?' என்று பார்ப்பவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கும் அளவுக்கு.

பின்னணி இசை ஒரு துளியும் வேண்டாம். கண்டெடுத்த பதிவுக்கு யார் இசை போட்டது?

படி 7: நடிப்பவர்களோடு

வசனம் எழுதிக் கொடுத்தால் நம் பிள்ளைகள் உடனே சினிமாத் தமிழுக்குப் போய்விடுவார்கள். 'யார் அங்கே? வெளியே வா!' என்று திருகோணமலையில் எவனும் கத்தமாட்டான். 'டேய், என்னடா சத்தம் அது?' 'ஒண்டுமில்ல, நீ நட.' 'இல்ல, நான் போகப்போறன்.' இதுதான் நம் வாய். என்ன நடக்கவேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள், எப்படிச் சொல்வது என்பதை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

பிளேர் விட்ச் படத்தில் இயக்குநர்கள் மூன்று நடிகர்களுக்கும் தனித்தனிக் குறிப்பு எழுதிப் படச்சுருள் டப்பாவில் வைத்துவிட்டுப் போவார்கள். ஒருவரின் குறிப்பு மற்றவருக்குத் தெரியாது. இரவில் கூடாரத்துக்கு வெளியே என்ன நடக்கும் என்றும் சொல்லமாட்டார்கள். நீங்களும் துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுங்கள். அண்ணனுக்கு: 'எப்படியாவது நாலாவது கல்லைக் காட்டிவிட்டுத்தான் திரும்புவது.' தங்கைக்கு: 'இரண்டாம் ஆட்காட்டிச் சத்தத்துக்குப் பிறகு போக விடாதே, காரணம் சொல்லாதே.' இருவரும் உண்மையாகவே இழுபடுவார்கள்.

ஆனால் அந்தப் படத்தில் செய்ததுபோலச் சாப்பாட்டைக் குறைத்து வருத்தவேண்டாம். நித்திரை முழிக்கவைக்கவும் வேண்டாம். கதையில் வராத ஒரு சொல்லை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், 'மாம்பழம்' என்று வைப்போமே. அதை யார் சொன்னாலும் அந்த நொடியே எல்லாம் நிற்கவேண்டும், லைட் எரியவேண்டும்.

படி 8: வெட்டுதல்

நிறைய எடுத்து நிறைய எறியுங்கள். பிளேர் விட்ச் குழு ஏறத்தாழ 20 மணி நேரப் பதிவிலிருந்து 81 நிமிடத்தைத்தான் எடுத்தது. ஃபோனில் சாதாரண ஃபுல் எச்டி தரம் போதும், ஒரு மணி நேரத்துக்கு 4 முதல் 8 ஜிபி வரை பிடிக்கும். ஒவ்வொரு இரவும் வீட்டுக்கு வந்ததும் இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். எடிட்டிங் அப் எதுவானாலும் சரி. நிறம் மாற்றுவது, பழைய டேப் கோடு போடுவது, திரை அதிரவைப்பது எதுவும் வேண்டாம், இன்றைய ஃபோனில் அப்படிக் கோடு விழுவதில்லை. ஒவ்வொரு வெட்டிலும் கேளுங்கள்: இந்த இடத்தில் பாத்திரம் ஏன் நிறுத்தி, ஏன் மறுபடி தொடங்கியது? பதில் இல்லாத வெட்டை எடுத்துவிடுங்கள்.

படி 9: வெளியிடும்போது

இந்தப் படியில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

பிளேர் விட்ச் வெளிவந்தபோது நடிகர்கள் உண்மையிலேயே தொலைந்துவிட்டார்கள் என்று விளம்பரம் செய்தார்கள். அவர்கள் முகத்தோடு 'காணவில்லை' என்ற சுவரொட்டி ஒட்டினார்கள். நடிகை ஒருவரின் தாய்க்கு அனுதாபக் கடிதங்கள்கூட வந்தன. அதைப் பார்த்து இன்றைக்கும் பலர் அதே வழியில் விளம்பரம் செய்கிறார்கள்.

நம் ஊரில் அது நடக்கக் கூடாது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் தாய்மார் தெருவில் நிற்கிறார்கள். திருகோணமலையிலும் நிற்கிறார்கள். சிலர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள். அந்தத் தாய் ஒருவர் பேரனின் ஃபோனில் 'காணவில்லை, கடைசியாக இந்த வீடியோவில்' என்று ஒரு முகத்தைப் பார்த்து, ஒரு கணம் நம்பினால், அதற்கு யார் பதில் சொல்வது? 'காணவில்லை' சுவரொட்டி வேண்டாம். உண்மைச் சம்பவம் என்ற பொய்யும் வேண்டாம். முகநூலில் போடும்போது முதல் வரியிலேயே குறும்படம் என்று எழுதுங்கள். பயம் குறையாது. பொய் என்று தெரிந்துகொண்டுதானே நாம் எல்லோரும் பேய்க்கதை கேட்டு வளர்ந்தோம்.

கதைக்குள்ளும் இதை யோசியுங்கள். பதிவைக் கண்டெடுத்தது யார்? அண்ணனும் தங்கையும் தொலைந்தே ஆகவேண்டுமா? திரும்பிவந்து, வீடியோவை மாமாவுக்கு அனுப்பி, மாமா அங்கே கனடாவில் இருந்து 'உங்களுக்குப் பின்னால நிண்டது ஆர்?' என்று கேட்டால் அதுவும் முடிவுதான். என் கணக்கில் அதுதான் நல்ல முடிவு.

மண்டபத்தில் பகிரங்கமாகத் திரையிடப்போகிறீர்கள் என்றால் பொது அரங்காற்றுகைச் சபையின் சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். அதற்கு முதல் வீட்டில் ஐந்தாறு பேரைக் கூப்பிட்டு, லைட்டை அணைத்து, நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள். படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களாக இருக்கட்டும், இரண்டு பேராவது 60 வயதைத் தாண்டியவர்களாக இருக்கட்டும். நீங்கள் திரையைப் பார்க்காமல் அவர்களைப் பாருங்கள். யாராவது தன் ஃபோனை எடுத்த நிமிடத்தைக் கடதாசியில் குறியுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் எடுத்திருந்தால் அந்த இடத்துக்கு முந்திய அரை நிமிடத்தை வெட்டிவிட்டு மறுபடி போட்டுக் காட்டுங்கள்.